நாலடிக் கொம்பில் வில் வகுத்த படலம்

தென்கடல் அலைதூவும் ஆஸ்திரேலியப் பெருநிலத்திலே, ஒரே பகலில் நான்கு பருவமும் வந்து தலைகாட்டிப் போகும் மெல்பேர்ன் மாநகரின் தென்கிழக்கிலே, டண்டினொங் என்னும் திருநகர்க்கண், இல்லாளின் வீடுபெருக்கும் தும்புத்தடியிலும் குட்டையானதொரு வில்லினின்று புறப்பட்ட ஒரே அம்பு, அசுரனை ஊடுருவி, அசுரனுக்குப் பின்னால் நின்ற இரும்பையும் நெளித்து, அவ்விரும்பு எழுப்பிய பேரொலியால் முந்நூறு அடியாரையும் இரண்டு தவிலையும் ஒரு நாதஸ்வரத்தையும் ஒருங்கே வாய்மூடச் செய்தது. நம்பாதார் நம்பாதொழிக. நம்பாதார் அவ்வூரில் ஒருவர் இருந்தார். அவரும் இக்கதையில் வருவார். உண்மையில், அவர் வராத பக்கம் இக்கதையில் இல்லை.

அவ்வில்லைச் செய்த வீரர் வாழ்க! விஜயரத்தினம் வாழ்க! கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கால்நூற்றாண்டு தகடு வளைத்த தகைசால் தோளர். ஓய்வூதிய அட்டையை வெற்றிப்பதக்கமெனச் சட்டைப்பையில் தரித்த சான்றோர். தூரப்பார்வைக்கு ஒன்றும் கிட்டப்பார்வைக்கு ஒன்றுமாக இரு கண்ணாடிகளைக் கழுத்தில் மாலையெனச் சூடி, வேண்டியபோது இரண்டையும் வீடெங்கும் தேடும் வித்தகர். முழங்கால் இரண்டனுள் ஒன்றைத் தாயிடமும் மற்றொன்றை அரசாங்க மருத்துவமனையிடமும் பெற்ற ஈரருள் செல்வர். வில் செய்யும் வெள்ளைக்காரக் கிழவர்களின் காணொளிகளைக் காலைத் தேநீரோடு தொடங்கி மதியச் சோற்றோடு முடித்து, ஒரு வில்லும் செய்யாமலே அக்கலையின் கரைகண்ட பெரும்புலவர். அன்னார்க்கு வேண்டியிருந்தது மரம் ஒன்றே. அதுவும் வந்தது.

வந்த விதம் கேண்மின். கடுங்காற்று ஒன்று டண்டினொங் மலைச்சாரலை உலுக்கிய நாளில், அங்கே வீடும் பெருந்தோட்டமும் உடைய மோகனதாஸ், மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவரும் அம்மன் கோயில் திருவிழாக் குழுவின் பொறுப்பாளருமாகிய அந்த நல்லவர், தம் தோட்டத்தில் யாரோ ஒரு பழைய ஆங்கிலேயர் நட்டுவைத்த யூ மரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து கிடக்கக் கண்டார். யூ மரம் யாதெனின், வில்லுக்கென்றே முளைத்தது போன்றதொரு மரம். அதன் வெளிமரம் சந்தனம் பூசினாற்போல் வெளிறி, எவ்வளவு இழுத்தாலும் இழுபட்டுக் கொடுக்கும். உள்வயிரம் செங்கல்லென்னச் சிவந்து, எவ்வளவு அழுத்தினாலும் தாங்கிக்கொள்ளும். வில்லின் முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என இரண்டையும் ஒட்டியே பிறக்கும் அற்புதம். ஒரே ஒரு குறை: இலையும் விதையும் மட்டுமன்றி, சீவும்போது பறக்கும் தூளும் நஞ்சு.

“அண்ணே, வில்லு வில்லுன்னு உயிர எடுத்தீங்களே, இந்தாங்க மரம்,” என்று மோகனதாஸ் தம் சிறிய காரின் பின்கதவைத் திறந்தார்.

விஜயரத்தினம் பார்த்தார். அளவுநாடாவை எடுத்தார். நாலடி நாலங்குலம்.

“இது முழுக்க இவ்வளவுதானோ?”

“இல்ல லா, எட்டடிக்கு மேலயே இருந்துச்சு. கார்ல ஏற மாட்டேன்னுச்சு. பின்சீட்ட மடிச்சு அளந்து, கரெக்டா அறுத்துட்டேன்.”

“மிச்சம்?”

“கவுன்சில் லாரி வந்துச்சுண்ணே. மிஷின்ல போட்டு அரைச்சுட்டான். ரோஜாச் செடிக்கு நல்ல உரமாம்.”

எட்டடி யூ மரத்தை ஒரு சிறு காரின் வயிற்றளவுக்கு அறுத்த அந்த அறுவையை எண்ணி வீரர் கண்மூடி நின்ற நிலையை, போர்க்களத்தில் பட்டத்து யானையை இழந்த மன்னனின் நிலையோடு ஒப்பிட்டால் யானைக்குக் கோபம் வரும். எனினும் அவர் மரத்தை வாங்கினார், நன்றியும் சொன்னார், கராஜுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். ஆண்டுக்கணக்காய் நிழலில் காய்ந்து காத்திருக்க வேண்டிய பச்சைமரத்தை, வெப்பமூட்டியும் மின்விசிறியும் வைத்து அவர் காயவைத்த வரலாறு தனிக் காவியம். மின்கட்டணம் வந்த நாளோடு அது முடிவுற்றது.

இனிக் கராஜின் பெருமை கூறுவாம். அவ்வீட்டின் கராஜில் கார் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் இருந்தன. கார் எந்நாளும் வெளியே நின்று வெயிலும் ஆலங்கட்டி மழையும் ஏற்றது. உள்ளே வேலைமேசை, பட்டறைப்பிடி, சீவுளிகள், அரங்கள், ஒரு கால் உடைந்தும் அவர் அமரும் கதிரை ஆகியவற்றோடு விஜயரத்தினம் அரசு புரிந்தார். அவ்வரசின்மீது நெடுநாளாகக் கண்வைத்திருந்தவர் அவரது இல்லத்தரசியாகிய தவநாயகி.

கண்வைத்ததற்கு நியாயமும் இருந்தது. வீட்டுக் குசினியில் மீன் பொரித்தால் கூரையிலுள்ள புகைமணி ஊரைக் கூட்டும். வெள்ளைச் சுவர் மஞ்சளாகும். சிட்னி வெஸ்ட்மீட்டில் தாதியாக வேலை செய்யும் மகள் தாரகா விடுமுறைக்கு வந்து இறங்கியதும் மூக்கைச் சுளித்து, “அம்மா, என்ரை கோட் எல்லாம் சூடை மீன் மணக்குது,” என்பாள். ஆகவே டண்டினொங் தமிழர் பலரும் செய்வதைப் போலத் தவநாயகியும் பொரியலை வெளியே கொண்டுபோனார். ஆனால் மற்ற வீடுகளில் அந்த வெளிக்குசினி கராஜுக்குள் சுகமாக இருந்தது. இவருக்கோ வேலியோரச் சீமெந்துத் தரையில், காஸ் அடுப்பைக் காற்று அணைக்க அணைக்க, மழை தாச்சிக்குள் விழுந்து எண்ணெய் சீற, தலையில் துவாய் போட்டுக்கொண்டு மீன் பொரிக்கும் விதி வாய்த்தது.

கராஜைப் பங்குபோடலாமே எனில், அதற்குத்தான் வழியில்லை. சீவிய மரத்தின் நச்சுத்தூள் மிதக்கும் அறையில் சோற்றுப்பண்டம் சமைக்கலாகாது. ஆகவே ஒன்றில் வில், அல்லது மீன். இரண்டரசுக்கு இடமில்லை.

“சரி, ஒரு முடிவுக்கு வருவம்,” என்று தவநாயகி இடுப்பிற் கைவைத்து முழங்கினார். “மானம்பூ வருகுதெல்லோ? கோயில் பழைய வில்லும் முறிஞ்சு போச்சுது. நீங்கள் உந்தக் கட்டையில வில்லுச் செய்யுங்கோ. அதால விட்ட அம்பு வாழைக்குள்ளால அங்கால போகோணும். சும்மா தொட்டுப்போட்டு விழுந்தால் காணாது. அதை நான் என்ரை கண்ணால கண்டு, என்ரை வாயால ஓம் எண்டு சொன்னால், கராஜ் உங்களுக்கு. இல்லாட்டிக் காஸ் அடுப்பு உள்ள வரும். உந்தக் கட்டை என்ரை தக்காளிக்கு ஊண்டப் போகும்.”

“ஓம்,” என்றார் விஜயரத்தினம்.

“நடக்காது,” என்றார் தவநாயகி.

மானம்பூ என்பது விஜயதசமித் திருவிழா. அன்று அம்மன் வெளியே எழுந்தருளி, அசுரனாகப் பாவித்து நிறுத்திய வாழையை வதம் செய்வார். அம்மன் சார்பில் ஐயர் வில்லெடுத்து அம்பு தொடுப்பார். பின் வாழை வெட்டப்படும். இவ்வழக்கத்தை அறியாதார் அக்கோயிலுக்கு வருவோருள் எவருமிலர். எவருமிலர் என்பதை வாசகர் தயைகூர்ந்து நினைவில் இருத்துக.

அன்றே வீரர் கண்ணாடி முன் நின்று, இடக்கை நீட்டி வலக்கை கன்னத்தளவு இழுத்து, தம் இழுவையை அளந்தார். இருபத்தெட்டு அங்குலம். பெருமிதத்தால் அவர் நெஞ்சு விம்ம, சட்டைப்பொத்தான் ஒன்று தெறித்தது.

அவர் உள்ளத்தில் முதலிற் கோயில்கொண்டிருந்தது நெடுவில். ஆளுயரம் கடந்து, பிடியருகே தடித்து நுனிநோக்கி மெலிந்து, பிறைவடிவாய்ப் பெருங்கம்பீரத்தோடு நிற்கும் வில். அத்தகைய வில்லைத் தோளில் மாட்டிக் கோயில் வாசலில் தாம் இறங்கும் காட்சியை அவர் பலமுறை மனத்திரையில் ஓட்டி, ஒவ்வொரு முறையும் தம் உயரத்தைச் சிறிது கூட்டியிருந்தார். ஆனால் நெடுவில்லுக்கு ஆறடிக்கு மேல் மரம் வேண்டும். நாலடிக் கொம்பை மேசைமீது நேராக வைத்து அளந்தார். குறுக்காக வைத்து அளந்தார். நாடாவைச் சந்தேகித்து வேறொரு நாடா வாங்கிவந்து அளந்தார். புதிய நாடா கால் அங்குலம் குறைத்தே காட்டியது. நெடுவில் களத்தில் வீழ்ந்தது.

வீழ்ந்ததன்மேல் நின்று எதிர்வளை வில் எழுந்தது. நுனிகள் இரண்டும் எதிர்ப்புறம் சுருண்டு, நாகம் படமெடுத்தாற்போன்ற வடிவம். குட்டையாயினும் வேகம் மிக்கது. அவ்வளைவுக்கு மரத்தின் நுனியை நீராவியில் நெடுநேரம் வேகவைத்து மெத்தென்றாக்க வேண்டும். நீராவி என்றதும் யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவருக்கு எப்பாத்திரம் நினைவுக்கு வருமோ அப்பாத்திரமே அவருக்கும் வந்தது. தவநாயகி கடைக்குப் போயிருந்த வேளையில் அடுப்பில் புட்டுப்பானை ஏறிற்று. அதன் வாயில் யூ மரத்தின் நுனி இறங்கிற்று. சுற்றிலும் ஈரத்துவாய் கட்டப்பட்டது. கடையிற் பால் முடிந்துபோனதால் தவநாயகி நேரத்தோடு திரும்பினார்.

“இஞ்சேருங்கோ, இதென்ன கோலம்?”

“கொஞ்சம் அவியட்டும். தொடாதையும்.”

“நஞ்சு மரமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? தூள் பட்டாலே கூடாது, கராஜுக்க சமைக்கேலாது எண்டு சட்டம் கதைச்சனீங்கள்? பிறகு என்ரை புட்டுப்பானைக்க அதின்ரை தலையை விட்டு அவிக்கிறியள்!”

வீரர் அடுப்பை அணைத்தார். அன்று புட்டுப்பானை குப்பைக்குப் போயிற்று. புதிய பானை அவர் கையாலேயே வாங்கப்பட்டது. எதிர்வளை வில் வேகாமலே மாண்டது.

தட்டை வில் ஒன்று சிலகாலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. அகலமாகச் சீவி, பாரத்தைப் பரப்பிவிட்டால், குட்டை மரமும் முறியாதென்று ஒரு காணொளிக் கிழவர் உறுதி கூறியிருந்தார். அக்கிழவர் கையில் இருந்த மரமோ உள்ளங்கை அகலம். இவர் மரம் இரண்டு விரல் அகலம். இதைப்பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஆயின் நரம்புவில் பற்றிச் சொல்ல வேண்டும்; ஏனெனில் அது குளிர்ப்பெட்டிவரை வந்துவிட்டது. விலங்கின் தசைநாரை உலர்த்தி, நூல்நூலாகக் கிழித்து, பசைகூட்டி வில்லின் முதுகில் ஒட்டினால், குட்டை வில்லையும் நெடுந்தூரம் இழுக்கலாம், அது முறியாது. இதைக் கேட்டதும் விஜயரத்தினம் டண்டினொங் சந்தைக்கு விரைந்து, இறைச்சிக் கடைக்காரனைக் கெஞ்சி, ஒரு பை நிறைய நரம்பு பெற்று, வெற்றிமுரசு நெஞ்சில் ஒலிக்க வீடுதிரும்பி, அதனைக் குளிர்ப்பெட்டியில் தயிர்ச் சட்டியின் பக்கத்தில் வைத்தார்.

“இது என்ன சாமான்?” என்றார் தவநாயகி, பையை இரு விரலால் தூக்கி.

“மாட்டு நரம்பு.”

“ஆருக்கு?”

“அம்மன்ரை வில்லுக்கு.”

தவநாயகி பையைக் கீழே வைத்தார். குளிர்ப்பெட்டியின் கதவைச் சாத்தினார். கணவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

“அம்மன்ரை கையில மாட்டு நரம்பு குடுக்கப் போறியளோ? போங்கோ. போய்த் தலை முழுகிப்போட்டு வாங்கோ.”

அவர் போய் முழுகினார். அன்று தயிரும் வீசப்பட்டது.

இவ்வாறு கருதிய வடிவமெல்லாம் களப்பட, திருவிழாவோ நெருங்கிவர, மோகனதாஸ் தொலைபேசியில், “அண்ணே, ஆவுமா ஆவாதா? ஆவாட்டி விளையாட்டுச் சாமான் கடைல ஒரு பிளாஸ்டிக் வில்லு பாத்து வச்சிருக்கேன். ஊதா கலர். அம்பு முனைல ரப்பர், செவுத்துல ஒட்டிக்கும்,” என்று கூற, அசுரனின்மேல் றப்பர் அம்பு ஒட்டிக்கொண்டு ஆடும் காட்சியை அகக்கண்ணால் கண்டு விஜயரத்தினம் நடுங்கினார். நாலடி நாலங்குல மரம், முழு உடம்பும் சேர்ந்து வளைந்தாலும், இருபத்துமூன்று இருபத்துநான்கு அங்குலத்துக்கு மேல் இழுத்தால் முறியும். அவர் கையோ இருபத்தெட்டு. இவ்விரண்டு எண்களுக்கும் நடுவே அகப்பட்டு, சோறும் சுவைக்காமல், காணொளியும் சுவைக்காமல், ஒரு மாலை அவர் வேலியோரத்தில் போய் நின்றார். அங்கே தவநாயகி காற்றுக்கு முதுகுகாட்டி மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார்.

“என்ரை இழுவைக்கு இந்தக் கட்டை காணாது, தவம்,” என்றார் வீரர். தோல்வியின் முதற்சொல் அது.

“உங்கட இழுவைக்கோ?” தவநாயகி அகப்பையை உயர்த்தினார். “நீங்கள் ஏன் இழுக்கப் போறியள்? தோள் ஏலாது, முழங்கால் இரும்பு. ஐயரெல்லோ அம்பு விடுறவர்! அந்த மனிசன்ரை கை கோயில் மணிக்கே எட்டாது. ஸ்டூல் வைச்செல்லோ ஏறி அடிக்கிறார்!”

இடி முழங்கியபின் மின்னல் தோன்றிய விந்தை அன்று நிகழ்ந்தது. கண்ணாடி முன் நின்று தம் கையையே மாதக்கணக்காய் அளந்துவந்த அம்மாமனிதர், அத்திருவிழாவை ஆண்டுதோறும் முன்வரிசையில் நின்று கண்டவர், அம்பு விடுபவர் ஐயர் என்னும் உண்மையை அக்கணமே புதிதாய் அறிந்தார். தவநாயகியும் அக்கணமே தாம் பகைவர் கையில் வாளைக் கொடுத்துவிட்டதை அறிந்தார். மிளகாய் கருகிற்று. சொன்ன சொல்லோ காற்றோடு வேலிகடந்து பக்கத்து வீட்டுக்கும் போய்விட்டது.

மறுநாட்காலை கோயிலில் பூசை முடிந்ததும், அளவுநாடாவோடு ஐயரின் முன் தோன்றினார் விஜயரத்தினம்.

“ஐயா, ரெண்டு கையையும் நீட்டி நில்லுங்கோ.”

ஐயர் முகம் மலர்ந்தது. “என்ன, பட்டுச் சால்வையோ? அதுக்கு ஏன் அளவு? எந்தச் சைசும் பரவாயில்லை.”

“வில்லுக்கு, ஐயா.”

“ஓ,” என்றார் ஐயர். அந்த ஓரெழுத்தில் மலர்ந்த முகம் கூம்பிற்று. ஆயினும் கையை நீட்டினார். வில் இழுப்பது போல் இழுத்தும் காட்டினார். இருபத்தோரங்குலம்! அந்தக் குட்டைக் கையை விஜயரத்தினம் இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ஏன் ஒற்றுகிறார் என்று ஐயருக்கு விளங்கவில்லை. ஆசி வழங்கினார்.

அந்நாள்முதல் வடிவம் ஐயமற நின்றது. நுனி சுருளாத, நரம்பு ஒட்டாத, அலங்காரம் ஏதுமற்ற, பிடியும் விறைக்காமல் தலைமுதல் கால்வரை ஒரே வட்டமாய் வளையும் குட்டை வில். முகமூடி அணிந்து, கதவடைத்து, வீரர் போர் தொடங்கினார். வெண்முதுகைத் தொடாமல், செவ்வயிற்றை மட்டும் இழையிழையாகச் சீவினார். சீவிய பின் சுவரில் மாட்டி, நாணைக் கயிற்றால் மெல்ல இழுத்து, தூரக் கண்ணாடியால் பார்த்தார். கழற்றி, கிட்டக் கண்ணாடி மாட்டிச் சீவினார். வில்லின் இடக்கை ஒழுங்காய் வளைய, அதன் வலக்கை மட்டும் வளையேன் என விறைத்தது. ஏனெனில் அதன் நடுவே ஒரு கணு, கோட்டை வாயிலைக் காக்கும் கொடுந்தளபதியென, சுற்றுமரத்தையெல்லாம் தன்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு நின்றது. நேரே மோதினால் அங்கேயே முறியும். ஆகவே அதைச் சீண்டாமல், அதன் இருமருங்கிலும் கண்ணாடித் துண்டால் சுரண்டி, முற்றுகையிட்டு, பட்டினி போட்டு, கடைசியில் பணியவைத்தார்.

அம்முற்றுகையின் நடுவே ஒரு பிற்பகல், கராஜுக்குள்ளிருந்து “டப்” என்றொரு முறிவொலி எழுந்தது. கண்ணிமைக்கும் பொழுதில் கதவு திறந்தது. வாசலில் தவநாயகி, இரு கையிலும் காஸ் அடுப்போடு.

“முறிஞ்சுதோ?”

“ஓம்,” என்றார் விஜயரத்தினம், தரையிலிருந்து. “கதிரை.”

முறிந்தது, முன்பே ஒரு காலுடைந்த கதிரையின் இன்னொரு கால். வில் சுவரில் சுகமாய்த் தொங்கிற்று. தவநாயகி அடுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். போகுமுன் கணவரைத் தூக்கிவிட்டார் என்பதும் சொல்லப்பட வேண்டும்.

விஜயதசமியும் வந்தது. முன்னொருநாள் பண்டசாலையாய் இருந்து பின்னாளில் கோயிலாகிய அக்கட்டடத்தின் கார் நிறுத்துமிடமே போர்க்களம். மஞ்சட் கோடுகள் அணிவகுத்த அத்தார்ப்பெருவெளியில், வேகத்தடை கடந்து, சக்கரநாற்காலிச் சின்னத்தின்மேல் அசுரன் நின்றான். அவன், அக்கோயில் அடியாருள் ஒருவரான இரஞ்சிதம் அன்ரியின் பின்வளவில் விளைந்த வாழை. மெல்பேர்ன் குளிருக்கு அஞ்சி மாரிகாலம் முழுதும் கம்பளி சுற்றி வளர்க்கப்பட்டவன். இன்று மணல் நிரப்பிய பெயின்ற் வாளிக்குள் நிறுத்தப்பட்டு, கொம்பும் மீசையும் ஒட்டப்பட்டு, வளர்த்தவள் கண்கலங்க நின்றான். அவனுக்குப் பின்னால் ஆளில்லாத மடைப்பள்ளிச் சுவர். அச்சுவரில், காலையில் வடை பொரித்துக் கழுவிக் காயவைத்த ஒரு பெரிய தாச்சி சாய்ந்திருந்தது. அந்தத் தாச்சி தவநாயகியுடையது, கராஜ் கைக்கு வரும் நாளை நம்பி அவர் முன்கூட்டியே வாங்கியது. இரும்பு என்று தொடக்கத்தில் மொழிந்தது காவிய மரபு பற்றி, உண்மையில் அலுமினியம்.

பல்லக்கில் அம்மன் எழுந்தருளினார். தவில் அதிர்ந்தது. மோகனதாஸ் ஊதா நிறப் பிளாஸ்டிக் வில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, “எதுக்கும் இருக்கட்டும் லா,” என்று நின்றார். ஐயர் யூ வில்லை ஏந்தினார். மூன்று கார் நிறுத்தும் தொலைவு. அவர் கைக்கென்றே அளந்த வில், அவர் கையில் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருந்தது. அவர் இழுத்தார், பத்து அங்குலம், பதினைந்து, இருபது. நுனிமுதல் நுனிவரை வில் முழுநிலாவின் விளிம்பென வளைந்தது. கணு வளைந்தது. விஜயரத்தினம் இரு கண்ணாடிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார்.

விட்டார்.

அம்பு போன வழியைக் கண்டவர் சிலர். அது வந்த ஒலியைக் கேட்டவர் எல்லோரும். வாழையின் ஈரத்தண்டில் “சளக்” என்று புகுந்து, மறுபுறம் நீர்தெறிக்க வெளிப்பட்டு, வழிதவறாது சென்று தாச்சியின் நடுவயிற்றில் “ணங்ங்ங்” என்று மோதிற்று. அந்த நாதம் மடைப்பள்ளிச் சுவரில் பட்டு, கார்க் கூரைகளில் பட்டு, நெடுஞ்சாலைவரை உருண்டோடிற்று. தவில்காரரின் கோல் அந்தரத்தில் நின்றது. நாதஸ்வரம் பாதி மூச்சில் அறுந்தது. ஐயர் தம் குட்டைக் கைகளைத் தாமே வியந்து பார்த்தார். பின்னர் எழுந்த அரோகரா ஒலியில் கடற்பறவைகள் கூட்டமாய்க் கலைந்தன.

பந்தயத்தை முன்பே அறிந்திருந்த முந்நூறு முகமும் ஒரே திசையில் திரும்பின, தவநாயகியை நோக்கி.

அவர் இரு கை கூப்பி, இரு கண்ணும் இறுக மூடி நின்றார்.

“அக்கா! பாத்தீங்களா இல்லையா?” என்று கூவினார் மோகனதாஸ்.

தவநாயகி மெல்லக் கண்விழித்தார். “என்னத்தை? நான் கும்பிட்டுக்கொண்டெல்லோ நிண்டனான். ஒண்டும் காணேல்லை.”

“இவ்வளவு சனம் கண்டது, தவம்!” என்றார் விஜயரத்தினம்.

“சனம் கண்டால் சனத்தின்ரை கராஜை வைச்சிருங்கோ. என்ரை கண்ணால கண்டு, என்ரை வாயால ஓம் எண்டு சொன்னால் எண்டுதானே கதை?”

ஒப்பந்தத்தின் அச்சாணி அவ்விடத்தில் இருந்தது. அதை அவரே செருகியிருந்தார். வாழையின் துளையைக் காட்டினால், வாழைக்குத் துளையிருந்தால் தமக்கென்ன என்றார். காணொளி எடுத்தவர் தொலைபேசியை நீட்டினால், கண்ணாடி வீட்டில் என்றார். வீரர் போரில் வென்றார், வெற்றி வழங்கப்படவில்லை.

அன்றுமுதல் கராஜ் பூட்டுண்டது. உள்ளே அவர் சீவவுமில்லை, இவர் பொரிக்கவுமில்லை, திறப்பாகிய சாவியோ சாமியறையில் அம்மன் படத்தடியில் கிடந்தது. தாரகா நாள்தோறும் வெஸ்ட்மீட்டிலிருந்து அழைப்பாள். அப்பா நாள்தோறும் வாழைக் காவியத்தை விரித்துரைப்பார். விரிக்க விரிக்க மூன்று கார்த் தொலைவு ஐந்தாகி, ஐந்து ஒன்பதாகிற்று. “அப்பா, ப்ளீஸ்,” என்பாள் மகள். “அம்மா காணேல்லையாம். ஐயர் அதைச் செய்தாரோ? நோ வே.”

அவ்வாறிருக்கையில் மழை தூறும் ஒரு மாலை. வேலியோரச் சீமெந்துத் தரையில் காஸ் அடுப்பு எரிந்தது. அதன்மேல் அந்தத் தாச்சி, தாச்சியில் விளைமீன் துண்டுகள். குந்தியிருந்த தவநாயகியின் தலைக்கும் தாச்சிக்கும் மேலாக ஒரு பெருங்குடை. குடையைப் பிடித்து நின்றவர், வில்லாண்மைச் செம்மல், கராஜ் காத்த கொற்றவர், விஜயரத்தினம். குடை இருவருக்கும் தாச்சிக்கும் சேர்ந்து போதாது. ஆதலால் வீரரின் இடத்தோளும் முதுகும் குடைக்கு வெளியே நின்று, விளிம்பிலிருந்து வடிந்த நீரெல்லாம் அவர் கழுத்துவழி இறங்கி, கொற்றவர் முற்றும் நனைந்தார். சட்டைப்பையிலிருந்து தொலைபேசித் திரையில் தாரகா எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஏன் எண்ணெயெல்லாம் ஒரு பக்கத்துக்கு ஓடுது?”

“தாச்சி நெளிஞ்சு போச்சுது, பிள்ளை.”

“புதுசெல்லோ? எப்பிடி நெளிஞ்சது?”

“அதுவோ? உங்கட அப்பான்ரை அம்பு வாழைக்குள்ளால வந்து நேர பட்ட அடி. எண்ணிப் பார், வேற எங்கையும் படேல்லை, நடுவயித்தில...”

சொல் நின்றது. அகப்பை அந்தரத்தில் நின்றது.

“வெயிட்,” என்றாள் தாரகா. “அம்மா, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிண்டதெண்டு சொன்னீங்கள். அப்ப... ரியலி? அது நடந்ததோ?”

முந்நூறு அடியார்முன் அசையாத அந்த நெடுங்கோட்டையின் கதவுகள், வில்லுக்கும் அசையாதவை, காணொளிக்கும் அசையாதவை, இப்போது ஒரு தாச்சியின் நெளிவாலும் ஒரு கிழவரின் நனைந்த தோளாலும் அசையலாமா வேண்டாமா என்று தம்முள் எண்ணின; வானம் எண்ணிற்று; டண்டினொங் எண்ணிற்று; தவநாயகி நிமிர்ந்து, கணவரின் கழுத்துவழி நீர் ஓடுவதைக் கண்டு, குடையின் தண்டைப் பிடித்து அவர்பக்கம் சற்றே சரித்துவிட்டார்.

பிறகு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, “ஓம், நடந்தது,” என்றார்.